கழற்றாமல் விட்ட டிஷ்ஷில் சூரியன்

எங்கள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று வருடமாக ஒரு டிஷ் சும்மா நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தபிறகு அதைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 60 சென்டிமீட்டர் அகலம், ஓரமெல்லாம் துரு, அதன் கை நுனியில், அலையைப் பிடிக்கும் சின்னப் பெட்டி, வெயிலில் வெளுத்துப்போன எல்.என்.பி. போன பிப்ரவரி கடைசியில் தொட்டி கழுவ ஏறியபோது அதைப் பார்த்ததும் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. மார்ச் மாதம் வந்தால் நாலைந்து நாளைக்கு, பகலில் ஏறக்குறைய ஒரே நேரத்தில், டிவியில் படம் கட்டம் கட்டமாக உடையும். சில நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். கேட்டால் 'சன் அவுட்டேஜ் சார், ஒண்ணும் பண்ண முடியாது' என்பார்கள். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும் நேரம் அது.

அப்படியென்றால் டிஷ் சூரியனைக் கேட்கிறது என்றுதானே அர்த்தம்? அதுவும் செயற்கைக்கோளின் குரலையே அமுக்கிவிடும் அளவுக்கு. செயற்கைக்கோளை விட்டுவிட்டுச் சூரியனை மட்டும் கேட்க முடியுமா, கேட்பதை ஓர் எண்ணாக எழுத முடியுமா என்று பார்க்க ஆசை வந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளையும் சேர்த்துக்கொண்டேன். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எங்களுக்கு நேரம். செப்டம்பர் வரை இழுத்தது.

முதலில் எல்.என்.பி. அதன் பிளாஸ்டிக் மூடியைத் திறந்தால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. சுரண்டி எடுத்துப் பார்த்தேன், உள்ளே ஈரம் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. பழைய சாமான் கடையில் நல்லதாக ஒன்று 150 ரூபாய்க்குக் கிடைத்தது. அடுத்து டிஷ் பொருத்துபவர்கள் கையில் வைத்திருக்கும் சாட்டிலைட் ஃபைண்டர், முள் வைத்த பழைய மாதிரி. அதில் இரண்டு வாய் இருக்கும். ஒன்றை எல்.என்.பி.க்குக் கொடுக்க வேண்டும். மற்றது செட்டாப் பாக்ஸுக்குப் போகும் வாய். எல்.என்.பி.க்கான மின்சாரம் அந்த வழியாகத்தான் கேபிளிலேயே ஏறி வரும். எங்களிடம் செட்டாப் பாக்ஸ் இல்லை. யு.பி.எஸ்.ஸில் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியிலிருந்து ஒரு துண்டு கேபிள் எடுத்து, நடுக்கம்பியைப் பிளஸ்ஸிலும் மேல்பின்னலை மைனஸிலும் கொடுத்தோம். இடையில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. இதைத் தவிர்க்காதீர்கள். கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டருக்குள் பின்னலின் ஒரு மயிரிழைக் கம்பி நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்ததில் முதல் நாளே எங்கள் ஃபியூஸ் போனது. ஃபியூஸ் இல்லையென்றால் கேபிள் சூடேறி உருகியிருக்கும்.

எல்.என்.பி. என்ன செய்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வானத்திலிருந்து வருவது நொடிக்குச் சுமார் 1,200 கோடி முறை அதிரும் அலை. அதாவது 12 கிகாஹெர்ட்ஸை ஒட்டி. அலையின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். வகுத்தால் ஓர் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் வருகிறது, கட்டைவிரலின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. இவ்வளவு வேகமாக அதிரும் அலை சாதாரணக் கேபிளில் ஓடினால் வழியிலேயே கரைந்துவிடும். அதனால் எல்.என்.பி. அதை லட்சக்கணக்கான மடங்கு பெருக்கி, அதிர்வையும் 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையான எல்லைக்கு இறக்கி, கீழே அனுப்புகிறது. ஃபைண்டருக்குப் படம், ஒலி எதுவும் தெரியாது. மொத்தமாக எவ்வளவு ஆற்றல் வந்து சேர்கிறது என்பதை மட்டும் முள்ளால் காட்டும். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

மார்ச் முதல் ஞாயிறு. டிஷ்ஷைத் தூணிலிருந்து தளர்த்தி, அதன் முகத்தைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினோம். முள் அசையவில்லை. இடம் வலம் ஆட்டிப் பார்த்தோம், கேபிளை மறுபடி சோதித்தோம், ஒன்றும் இல்லை. அரை நாள் போனபிறகுதான் புரிந்தது. வீட்டு டிஷ், முழுப் பரவளையக் கிண்ணம் கிடையாது. பெரிய கிண்ணம் ஒன்றின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. அதனால் அதன் முகம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் கேட்கும் திசைக்கும் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும். முகம் தாழ்ந்திருக்கும், காது மேலே இருக்கும். தமிழ்நாட்டில் பல டிஷ்கள் எதிர்வீட்டு மாடியைப் பார்ப்பதுபோல் நின்றாலும், அவை கேட்பது ஏறக்குறைய உச்சி வானத்தைத்தான். முகத்தைக் கீழே இறக்க இறக்க முள் மெதுவாக ஏற ஆரம்பித்தது. அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். 15 கோடி கிலோமீட்டர் தாண்டி, எட்டு நிமிடம் இருபது நொடி பயணம் செய்து வந்த அலை ஒரு முள்ளை அசைக்கிறது.

முள் உச்சியைத் தொட்ட இடத்தில் டிஷ்ஷை இறுக்கிவிட்டு இரண்டு வேலை செய்தோம். அரையங்குல பி.வி.சி. பைப்பில் ஒரு சாண் வெட்டி, அதன் வழியே வரும் வெயில் வெள்ளை அட்டையில் முழு வட்டமாக விழும்படி சாய்த்து, டிஷ்ஷின் கையில் எம்-சீல் வைத்து ஒட்டினோம். அதன்பிறகு சூரியனைத் தேட வேண்டிய வேலையே இல்லை. அட்டையில் வட்டம் விழுந்தால் டிஷ் சூரியனைப் பார்க்கிறது என்று அர்த்தம். பைப்புக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது, அட்டை மட்டும்தான். இரண்டாவது, அந்த நேரத்தில் எல்.என்.பி.யின் நிழல் டிஷ்ஷின் அடி விளிம்பில் எங்கே விழுகிறது என்று பென்சிலால் ஒரு கோடு. இந்தக் கோடு பின்னால் வேறொரு வீட்டில் உதவியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய டிஷ் துருவேறி அசிங்கமாக இருக்கிறதே என்று தேய்த்துப் பளபளப்பாக்கவோ, அலுமினிய ஃபாயில் ஒட்டவோ வேண்டாம். ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன அலைக்கு மங்கலான பெயின்ட் பூசிய தகடு கரடுமுரடான மலைச்சரிவு மாதிரி, பட்டதும் நாலாபக்கமும் சிதறிவிடும். இரண்டரை சென்டிமீட்டர் அலைக்கோ அதே தகடு துல்லியமான கண்ணாடி. துருவும் பெயின்டும் அதற்குத் தெரியவே தெரியாது. நெளிவு விழுந்தால்தான் தெரியும். டிஷ்ஷைப் பளபளப்பாக்கிவிட்டால் அது ஒளிக்கும் கண்ணாடியாகிவிடும். நல்ல வெயிலில் இந்த அகலத்தின் மேல் விழுவது சுமார் 250 வாட். அத்தனையும் எல்.என்.பி. மேல் குவிந்தால் அதன் மூடி உருகும். கை குறுக்கே போனால் சுடும். தீயும் பிடிக்கலாம்.

அந்த 250 வாட்டோடு ஒப்பிட, நாங்கள் பிடித்த இந்த இரண்டரை சென்டிமீட்டர் மைக்ரோ அலையின் அளவு எவ்வளவு என்று பின்னால் கணக்குப் போட்டேன். ஒரு வாட்டை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்கு. ஒரே சூரியன், ஒரே டிஷ். சூரியன் தன் ஆற்றலில் பெரும்பகுதியை நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகவும் அதை ஒட்டிய அகச்சிவப்பாகவும் கொட்டுகிறது. கொஞ்சம் புற ஊதாவாகவும் வருகிறது. 1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தில் பிரிந்த நிறங்களில் சிவப்புக்கு வெளியே, ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். பாதரசம் அங்கே ஏறியது. அகச்சிவப்பு அப்படித்தான் பிடிபட்டது. அடுத்த வருடமே ஊதாவுக்கு அந்தப் பக்கம் வெள்ளி உப்பு கறுப்பதை யோஹான் ரிட்டர் பார்த்தார். அது புற ஊதா. ரேடியோ அலைப் பக்கமோ ஆற்றல் அவ்வளவு சிறியதாகத் தேய்ந்துவிடுவதால், சூரியனை அங்கே கேட்க 1942 வரை ஆனது.

மார்ச் பாதிக்கு மேல் எங்களுக்கு ஒரு பெரிய சந்தோஷமும் அதைத் தொடர்ந்து ஒரு பெரிய பாடமும் கிடைத்தன. அன்று காலை டிஷ்ஷைத் திருப்பியதும் முள் கடைசிவரை போய் முட்டியது. இதற்குமுன் அவ்வளவு வந்ததே இல்லை. சூரியனில் ஏதோ வெடித்திருக்கிறது என்றுகூட நினைத்தேன். டிஷ்ஷை அப்படியே விட்டுவிட்டு, சூரியன் நகர்ந்து போகும்போது முள் எப்படி இறங்குகிறது என்று எழுதலாம் என உட்கார்ந்தோம். பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது, நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. கால் மணி நேரத்தில் முள் இறங்கியிருக்க வேண்டும். அரை மணி ஆனது. "மாமா, சூரியன் போயிருச்சு, முள் போகலையே" என்றாள். பைப் வட்டம் அட்டையை விட்டே ஓடியிருந்தது. முள் மட்டும் அப்படியே நின்றது.

நாங்கள் பிடித்தது செயற்கைக்கோளை. டிவி செயற்கைக்கோள்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே வளையத்தில் நிற்கின்றன. எங்கள் மதுரையிலிருந்து பார்த்தால் அந்த வளையம் வானத்தின் நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகையை அப்படியே வானத்தில் நீட்டினால் வரும் கோடு) இரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் தெற்கே தெரியும். மார்ச் 15ஐ ஒட்டியும் செப்டம்பர் 27ஐ ஒட்டியும் சூரியன் போகும் பாதை அந்த வளையத்தின் மேலேயே விழுகிறது. டிவி படம் உடைவதும் அந்த நாட்களில்தான். சூரியனை மட்டும் தனியாக அளக்க ஆசைப்பட்டவன் வருடத்திலேயே அதற்கு ஒவ்வாத வாரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். சூரியன் வடக்கே ஒதுங்கும்வரை காத்திருப்பது என்று முடிவாயிற்று.

காத்திருந்த வாரங்களில் செய்ததுதான் இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது. எல்.என்.பி.யை மட்டும் டிஷ்ஷிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். வானத்தைப் பார்க்கப் பிடித்தால் முள் இறங்கியது. சுவரைப் பார்க்கத் திருப்பினால் ஏறியது. தரைக்கும் ஏறியது. வேப்பமரத்துக்கும் ஏறியது. உள்ளங்கையை எல்.என்.பி.யின் வாயில் வைத்தால் நன்றாகவே ஏறியது. இருட்டியபிறகும் இதே கதைதான், சூரியனே இல்லை. முதல் சந்தேகம், வேறு எங்கிருந்தோ வரும் அலை சுவரில் பட்டுத் திரும்புகிறதோ என்று. அதைத் தீர்க்கப் பூஜை அறையிலிருந்த பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொண்டுவந்தோம். எல்.என்.பி.யைச் சுவரைப் பார்க்கப் பிடித்து, அதன் வாய்க்கு முன்னால் தாம்பாளத்தை 45 டிகிரி சாய்த்து நீட்டினாள். முள் சட்டென்று இறங்கியது. உலோகம் மைக்ரோ அலைக்குக் கண்ணாடி என்பதால் எல்.என்.பி. இப்போது தாம்பாளத்துக்குள் வானத்தைப் பார்க்கிறது. தாம்பாளத்தை எடுத்தால் மறுபடி சுவர், மறுபடி முள் ஏறுகிறது. பொருட்கள் அலையைத் திருப்பி அனுப்புவதுதான் காரணம் என்றால், எல்லாவற்றையும்விட நன்றாகத் திருப்பி அனுப்பும் தாம்பாளத்துக்குத்தான் முள் அதிகம் ஏறியிருக்க வேண்டும். ஆக, சுவரும் மரமும் உள்ளங்கையும் தாமே மைக்ரோ அலையை உமிழ்கின்றன. வெப்பநிலை என்று ஒன்று உள்ள எந்தப் பொருளும் மின்காந்த அலையை உமிழும் என்று படித்திருந்தேன். அன்றைக்குத்தான் அதை என் கையில் பார்த்தேன். மனித உடல் உமிழ்வதில் பெரும்பகுதி அகச்சிவப்பு. அதன் நீண்ட வால் இந்த இரண்டரை சென்டிமீட்டர் வரைக்கும் நீள்கிறது.

எதிர்வீட்டுப் பெரியம்மா முதல் நாளிலிருந்தே கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்: "தம்பி, அது கதிரையெல்லாம் இழுத்து வீட்டுக்குள்ள விட்டுராதா?" கதிர்வீச்சு என்றால் கூடங்குளம், எக்ஸ்ரே அறை, செல்போன் டவர் எல்லாம் ஒன்றாக மனதில் வருகிறது. அதில் அவர் தப்பு இல்லை, நாம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். அவரை மாடிக்கு அழைத்து வந்து அவர் கையையே வைக்கச் சொன்னேன். முள் ஏறியது. "உங்க கையிலிருந்தும் கதிர் வருது பெரியம்மா, எப்பவும் வந்துக்கிட்டேதான் இருக்கு" என்றேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எது கெடுதல் செய்யும் என்றும் அவருக்குச் சொன்னேன். அலை ஒரே ஓட்டமாக வராமல் சின்னச் சின்ன ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. அலைநீளம் குறைய ஒவ்வொரு பொட்டலமும் கனக்கும். புற ஊதாவின் ஒரு பொட்டலம், எங்கள் டிஷ் பிடிக்கும் அலையின் பொட்டலத்தைப்போல் எண்பதாயிரம் மடங்கு கனமானது. தோலின் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைச் சிதைக்க அதனால் முடியும். எக்ஸ்ரேவும் காமாவும் இன்னும் கனமானவை, அணுவிலிருந்து எலக்ட்ரானையே உருவிவிடும். மைக்ரோ அலைப் பொட்டலத்துக்கு அந்தத் தெம்பு இல்லை, அது சூடாக்க மட்டும்தான் செய்யும். அதற்கும் மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதுபோல் நூற்றுக்கணக்கான வாட் வேண்டும். மாடியில் நாங்கள் நின்றபோது உடம்புக்கு உண்மையில் கெடுதல் செய்திருக்கக்கூடியது உச்சி வெயிலின் புற ஊதா. அதற்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டோம்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. சூரியன் இப்போது நடுக்கோட்டுக்குப் பதினாலு டிகிரி வடக்கே போயிருந்தது, செயற்கைக்கோள் வளையத்திலிருந்து நல்ல தூரம். ஃபைண்டரைத் திறந்து, முள் மீட்டரின் இரண்டு மின்முனையிலும் கம்பி பற்றவைத்து மல்டிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். கீச்சிட்டுக்கொண்டே இருந்த பஸ்ஸரின் காலை வெட்டிவிட்டேன். ஃபைண்டரின் திருகைச் சுவரைப் பார்க்கும்போதும் முட்டாத அளவுக்கு வைத்து, அதன்மேல் டேப் ஒட்டிவிட்டோம். இடையில் அது கொஞ்சம் திரும்பினால்கூடக் கணக்கு மொத்தமும் வீண்.

காலை ஒன்பது மணிக்கு வெறும் வானம் 58 மில்லிவோல்ட். டிஷ்ஷைப் பக்கத்து வீட்டுச் சுவருக்குத் திருப்பினால் 142. பிறகு சூரியன் இன்னும் வந்துசேராத இடத்துக்கு, அதன் பாதையில் சற்று முன்னால் டிஷ்ஷை வைத்து இறுக்கிவிட்டு நிழலில் உட்கார்ந்தோம். அவள் நேரம் சொல்ல, நான் எழுத, அரை நிமிடத்துக்கு ஒரு அளவு. 59, 61, 66 என்று மெதுவாக ஏறியது. 9.24க்கு 88. ஒன்பதரைக்கு உச்சம், 117. அப்புறம் ஏறிய மாதிரியே இறங்கியது, 9.36க்கு மறுபடி 88. கிராஃப் தாளில் புள்ளி வைத்தால் அழகான மணி வடிவம். பாதி உயரத்தில் அதன் அகலம் 12 நிமிடம். அந்தத் தேதியில் சூரியன் நாலு நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒரு டிகிரி நகர்கிறது. ஆக எங்கள் டிஷ்ஷின் பார்வை அகலம் 2.9 டிகிரி. அலைநீளத்தை டிஷ்ஷின் அகலத்தால் வகுத்து 70ஆல் பெருக்கினால் பார்வை அகலம் வரும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. 2.5ஐ 60ஆல் வகுத்து 70ஆல் பெருக்குங்கள். 2.9தான். நிழலில் உட்கார்ந்து கையால் எழுதிய தாளில் இந்த எண் வந்ததை நாங்கள் இருவரும் மூன்று முறை சரிபார்த்தோம்.

இதில் கவனிக்க வேண்டியது, சுவர் சூரியனைவிட அதிகம் காட்டியது. காரணம் பார்வை அகலம்தான். சுவர் டிஷ்ஷின் பார்வை முழுவதையும் நிறைக்கிறது. சூரியனின் அகலம் அரை டிகிரிக்குச் சற்றுமேல், 0.53. மூன்று டிகிரி அகலமான பார்வையில் அது சின்னப் பொட்டு, மிச்சமெல்லாம் குளிர்ந்த வானம். பரப்பாகப் பார்த்தால், மணி வடிவத்துக்கான திருத்தத்தையும் சேர்த்து, பார்வைக்குள் சுமார் 34 சூரியன்களுக்கு இடம் இருக்கிறது. இப்போது கணக்கு நேரானது. வானத்திலிருந்து சுவருக்கு ஏற்றம் 84 மில்லிவோல்ட். சுவர் அன்றைய வெயிலின் சூட்டில் இருக்கிறது, வெறும் வானம் இந்த அலைக்குக் கிட்டத்தட்ட முழுக் குளிர். ஆக அந்த ஏற்றம் ஏறக்குறைய 295 கெல்வின் வித்தியாசத்துக்குச் சமம் (கெல்வின் என்பது முழுக் குளிரான மைனஸ் 273 டிகிரி செல்சியஸிலிருந்து எண்ணும் வெப்ப அளவு). சூரியனுக்கு ஏற்றம் 59, அதாவது 207 கெல்வின். அதை 34ஆல் பெருக்கினால் சுமார் 7,000 கெல்வின்.

பழைய சாமான் கடை எல்.என்.பி.யும் வீட்டுச் சுவரும் கொடுத்த விடை இது. இது குறைவான மதிப்பு என்று எனக்குத் தெரியும். டிஷ்ஷுக்கு வந்து சேர்வதில் ஒரு பங்கு நடுப்பார்வைக்கு வெளியே ஓரங்களில் சிதறுகிறது. ஃபைண்டருக்குள் ஆற்றலை அளக்கும் டையோடும் இரட்டிப்பு ஆற்றலுக்கு இரட்டிப்பு காட்டும் என்று நம்ப முடியாது. இந்த அலைநீளத்தில் அமைதியான சூரியனின் உண்மையான மதிப்பு பத்தாயிரத்தைத் தாண்டி, 11,000, 12,000 கெல்வினை ஒட்டி இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும், கண்ணால் பார்க்கும் சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வின்தான். டிஷ் பார்க்கும் சூரியன் அதைவிடச் சூடானது.

இரண்டும் ஒரே சூரியன் என்றால் ஏன் இரண்டு வெப்பநிலை? அவள் கேட்ட கேள்வி இது, நான் ஒரு வாரம் படித்துத்தான் பதில் சொன்னேன். சூரியனுக்குக் கெட்டியான தரை கிடையாது. 'மேற்பரப்பு' என்பது, அலை தடையில்லாமல் கிளம்பி வெளியே வர முடிகிற ஆழம், அவ்வளவுதான். அந்த ஆழம் அலைக்கு அலை மாறும். ஒளி கிளம்புவது ஒளிக்கோளத்திலிருந்து. அதற்கு மேலே மெல்லிய நிறக்கோளம் இருக்கிறது. ஒளிக்கு அது கண்ணாடிபோல் ஊடுருவக்கூடியது. அங்கே தனியாகத் திரியும் எலக்ட்ரான்கள் இரண்டரை சென்டிமீட்டர் அலையை விழுங்கிவிடும், அதனால் அந்த அலைக்கு அது மூடிய கதவு. நமக்கு வந்து சேரும் மைக்ரோ அலை நிறக்கோளத்திலேயே புறப்பட்டது. அலையை இன்னும் நீளமாக்கி மீட்டர் கணக்கில் கொண்டுபோனால் கதவு அதற்கும் மேலே, சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் இருக்கிறது. அங்கே வெப்பநிலை பத்து லட்சம் கெல்வின். அடுப்பை விட்டு விலக விலகச் சூடு குறையத்தானே வேண்டும்? சூரியனில் மேலே போகப் போகக் கூடுகிறது. காந்தப்புலம் வழியாக ஆற்றல் மேலேறுகிறது என்பதுவரை ஒத்துக்கொள்கிறார்கள், எந்த வழியில் எவ்வளவு என்பதில் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது. 2023 செப்டம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இஸ்ரோவின் சூரிய ஆய்வுக் கலம் ஆதித்யா-எல்1 தேடும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

சூரியனை ரேடியோவில் முதலில் கேட்டவர்கள் அதைத் தேடிப் போகவில்லை. 1942 பிப்ரவரி 27, 28 தேதிகளில் இங்கிலாந்தின் விமான எதிர்ப்பு ரேடார்கள், 4 முதல் 6 மீட்டர் அலைநீளத்தில் வேலை செய்பவை, பகல் முழுக்கக் குழம்பின. ஜெர்மனி இடைஞ்சல் செய்கிறது என்று எல்லோரும் பயந்தார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்டான்லி ஹே அந்த அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எல்லா ரேடாரும் சூரியன் இருந்த திசையையே காட்டியிருந்தன. சூரியனின் நடுவில் அப்போது பெரிய கரும்புள்ளிக் கூட்டம் இருந்தது. போர் ரகசியம் என்பதால் 1946இல்தான் அது வெளியில் அச்சானது. அதே 1942இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் ஜார்ஜ் சவுத்வொர்த் சென்டிமீட்டர் அலையில் அமைதியான சூரியனைப் பிடித்தார். நாங்கள் மாடியில் பிடித்தது இவர் பிடித்த வகை. ஹேயுடையது சூரியன் கொந்தளித்த நாளின் கூச்சல்.

நம் நாட்டில் இந்த வேலை எப்படித் தொடங்கியது என்று படித்தபோது மனம் நிறைந்துபோனது. சிட்னியில் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்ட 1.8 மீட்டர் டிஷ்கள் 32ஐ ஆஸ்திரேலியர்கள் இந்தியாவுக்குக் கொடுத்தார்கள். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அவற்றை மும்பைக்குப் பக்கத்தில் கல்யாணில் வரிசையாக நிறுத்தி, 1965இல் 610 மெகாஹெர்ட்ஸில் சூரியனை அளந்தார். ஐந்தே வருடத்தில், 1970இல், ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை எழுப்பியதும் அவர் குழுதான். அடுத்தவர் கழற்றிப் போட்ட டிஷ்ஷில் இந்திய ரேடியோ வானியல் சூரியனைக் கேட்டுத் தொடங்கியிருக்கிறது.

மே மாதம் மேகத்தைச் சோதித்தோம். வெண்மேகம் சூரியனை முழுக்க மறைத்து, பைப் வட்டம் அட்டையில் காணாமல் போனபோதும் மீட்டர் 115, 116 என்றே நின்றது. காய்ந்த குடைத்துணி, பருத்திப் புடவை, தெர்மோகோல் எதுவும் தடுக்கவில்லை. அதே குடையை நனைத்துப் பிடித்தால் அளவு மாறியது. ஒரு சாயங்காலம் கோடை மழை பிடித்தது. மீட்டரைப் பாலிதீன் பையில் கட்டி, கேபிளை மாடிப்படி வரை நீட்டி, இடி மின்னல் நின்றபிறகு மழை மட்டும் கொட்டும்போது வெறும் வானத்தை அளந்தேன். 58 இருந்த இடத்தில் 90க்கு மேல். மழைத்துளி அலையை விழுங்குகிறது. விழுங்கும் பொருள் தானும் உமிழும், சூடான சுவர்போல. மழையில் டிவி நிற்பதற்கு இரண்டு காரணமும் சேர்ந்தே வேலை செய்கின்றன: செயற்கைக்கோளின் குரல் தேய்கிறது, வானத்தின் இரைச்சல் கூடுகிறது. மின்னல் இருக்கும்போது மாடியில் கேபிளைத் தொடாதீர்கள்.

நிலாவையும் முயன்றேன். அதன் அகலமும் அரை டிகிரிதான், ஆனால் வெப்பநிலை இருநூற்றுச் சொச்சம் கெல்வின். எங்கள் டிஷ்ஷில் அது நாலைந்து கெல்வினாகத் தேயும். மீட்டர் ஒரு மில்லிவோல்ட் ஆடியது, அது நிலாவா, எல்.என்.பி. குளிர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் கடைசி வாரத்துக்கு மட்டும் ஒரு கணக்கு மிச்சம் வைத்திருந்தோம். எதிர்வீட்டுப் பெரியம்மா இன்னும் டிஷ்ஷில்தான் டிவி பார்க்கிறார், எங்களுடையதைப் போலவே அதே அளவு, அதே வடிவம். அது பார்க்கும் செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே இருக்கிறது. நம் உச்சிப்பொழுதுக்குச் சுமார் 72 நிமிடம் முன்னால் சூரியன் அதற்கு நேர் பின்னால் வரும். மார்ச்சில் அது பதினொன்றேகாலை ஒட்டி விழும், செப்டம்பரில் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னால். பூமியின் ஓட்டம் சீராக இல்லாததால் உச்சிப்பொழுதே இருபது நிமிடம் நகர்ந்துவிடுகிறது. எங்கள் டிஷ்ஷில் பென்சிலால் போட்ட அதே இடத்தில் அவர் டிஷ்ஷிலும் அக்கா மகள் கோடு போட்டாள். 27ஆம் தேதி சனிக்கிழமை, பெரியம்மா கீழே டிவி முன்னால், நாங்கள் அவர் மாடியில். எல்.என்.பி.யின் நிழல் விளிம்பில் மெதுவாக ஊர்ந்தது. 10.53க்கு நிழல் கோட்டைத் தொட்டது. கீழேயிருந்து குரல் வந்தது: "தம்பி, படம் உடையுது!"